சிவப்பாயி, க/பெ காத்தமுத்து

அத்தோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு
ஐந்து மணிக்கு முன்னால் என் ஜெராக்ஸ் கடைக்கு வருவார்.
ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில்,
பீச் ஸ்டேஷன் எதிரில் எல்லோரும் நகலெடுப்பதைத்தான்
அவரும் எடுப்பார். பாக்கி வைப்பார்.
வாழைத்தண்டு சூப்பில் கழித்துக்கொள்வேன்.

சித்திரை பிறந்தால் மட்டும்
யார் யாரோ தேடி வருவார்கள்.
எல்லை தாண்டி, மூன்று ரயில் மாறி,
சென்ட்ரலில் இருந்து நடந்தே வந்து
என்னிடம் ஒரு பெயரை விசாரிப்பார்கள்:
சாவ் நாங் மோன் கம்.
என் வாயில் நிற்காது.
"செல்போன் கவர் விக்கிறவரா?" என்றேன் முதல் வருஷம்.

பர்மா பஜாரின் பின்சந்தில்
கவிழ்த்த கூல்டிரிங்ஸ் பெட்டிமேல் அவர் உட்கார,
கோயில்போல் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிவார்கள்.
கைக்குழந்தைக்குப் பெயர் வைப்பார்.
அண்ணன் தம்பிக்கு ஓடைத்தண்ணீரைப் பிரித்துக் கொடுப்பார்,
ஐம்பது வருஷமாய்ப் பார்க்காத ஓடை,
எந்த மடை எந்தப் பக்கமென்று காற்றில் விரலால் வரைந்து.
முடிந்ததும்
முட்டைகோஸ் நறுக்க எழுந்து போய்விடுவார்.

ராணின்னா என்ன வேலைம்மா, என்று கேட்டிருக்கிறேன்.
"யார் வயல் எங்க முடியுதுன்னு ஞாபகம் வெச்சுக்கணும்.
எங்கப்பாவுக்கே பாதி மறந்துடும்."

அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன மறுவாரம்
அரண்மனைக் கணக்கப்பிள்ளை காத்தமுத்து
காய்ச்சலில் செத்த தன் மனைவியின் காகிதங்களை
இவர் கையில் திணித்தாராம்.
ரங்கூன் துறைமுகத்தில் அதிகாரி
பெயரைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.
சிவப்பாயி.
சிவப்பாகத்தான் இருந்தார். முத்திரை குத்திவிட்டான்.

வியாசர்பாடியில் ஒரே கூரை.
உள்ளே இவர், வாசலில் கட்டில் போட்டு அவர்.
சாகும்வரை "நீங்க" என்றேதான் கூப்பிட்டாராம்,
அடுத்த வீட்டுக்காரிகள் வியந்துபோகும்படி.

போன ஐப்பசியில், தேங்கிய மழைத்தண்ணீரைத் தாண்டித் தாண்டி
கோட்டுப் போட்ட இருவரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் வந்தார்கள்.
பச்சை அட்டைக்குள் பதினாலு பக்கம்.
மலை ஒன்று, அதனடியில் ஏதோ உலோகம்.
மலை இன்னமும் அரச வம்சத்தின் பெயரிலாம்,
யாரோ அழிக்க மறந்த ஒரு பழைய ஷரத்து.
நாட்டை எடுத்தபோது கேட்காத கையெழுத்தை
மலைக்குக் கேட்டார்கள்.
அண்ணா நகரில் மூன்று பெட்ரூம், லிஃப்ட் உண்டு என்றார்கள்.

தட்டுகளைக் கழுவி முடித்துவிட்டுத்தான் வந்தார்.
பட்டப்பெயர் அச்சடித்திருந்த இடத்தை
ஈரவிரலால் தடவிக்கொண்டிருந்தார் கொஞ்சநேரம்.
மை கலைந்தது.
என் நீலப் பேனாவைக் கேட்டார்.
வேண்டாம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது.
கொடுத்தேன்.

பதினாலு பக்கத்திலும், நிதானமாக,
மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தமிழில்:
சிவப்பாயி.
சிவப்பாயி.
சிவப்பாயி.

"உங்க பேரு இது இல்லையே" என்றார் மொழிபெயர்ப்பாளர்.
ஆதாரை எடுத்து வைத்தார். ரேஷன் கார்டை.
வாக்காளர் அட்டையை.
நான் லேமினேட் பண்ணிக் கொடுத்த கப்பல் சீட்டை.
"வேற பேருக்கு ஒரு அத்தாட்சியும் என்கிட்ட இல்லியே.
உங்காளுங்கதானே எரிச்சாங்க."

மலை நிற்கிறதா, தெரியாது.
ஏதாவது ஒன்றுவிட்ட தம்பியைத் தேடிப் போயிருப்பார்கள்,
அவனுக்கும் ஒரு லிஃப்ட் காட்டியிருப்பார்கள்.

அன்று ராத்திரி ஷட்டர் இறக்கும்போது
ஒரு முட்டை மசாலா பொட்டலம் வந்தது.
பூண்டு தூக்கலாக.
பேனா திரும்பி வரவில்லை.
மறுநாள் பார்த்தால்
அது அவர் கொண்டையில் செருகியிருந்தது.
நானும் கேட்கவில்லை.